மோட்டார் வண்டித் தவணை ஒப்பந்தத்தை இடையில் முடித்தல்

முழு விலையையும் எண்ணிக் கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறவனுக்கு அவ்வியாபாரம் கடை வாசலிலேயே முடிந்துபோகிறது. தவணையில் வாங்குகிறவனுக்கோ அன்றுதான் அது தொடங்குகிறது. மூன்றாண்டோ நான்காண்டோ மாதந்தோறும் தவறாமல் பணம் செலுத்துவதாக அவன் கையொப்பமிடுகிறான். ஆனால் அவ்வாண்டுகளில் தன் வாழ்க்கையில் என்ன நேரும் என்பதை அவன் அறியான். வேலை போகலாம், நோய் வரலாம், குடும்பம் பெருகலாம், தாய்நாடு திரும்ப நேரலாம். அக்காலத்தில், ஆசையோடு வாங்கிய வண்டியே அவனுக்குத் தாங்கொணாச் சுமையாகின்றது. "உடும்பு வேண்டா, கையை விட்டாற் போதும்" என்னும் பழமொழியின் பொருள் அன்றுதான் அவனுக்கு நன்கு விளங்குகிறது.

இன்று நம்மவருட் பலர் மேற்படிப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் பிரிட்டன் செல்கின்றனர். அந்நாட்டிற் புதிய கார் வாங்கும் தனி மனிதரிற் பெரும்பாலோர் தவணை ஒப்பந்தத்தின் மூலமே வாங்குகின்றனர். அவ்வொப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இரண்டு வாயில்களைத் திறந்து வைத்திருக்கின்றது. அவற்றை அறியாதவர், நெருக்கடி வந்தவுடன் வண்டியின் திறவுகோலைக் கம்பெனியாரிடம் கொடுத்துவிட்டு, "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று கூறி, அத்துடன் தொல்லை தீர்ந்ததென எண்ணிவிடுகின்றனர். பின்னர் ஆயிரக்கணக்கான பவுன் பாக்கி கேட்டுக் கடிதம் வரும்போது திகைக்கின்றனர். அவ்விரு வாயில்களும் எவ்வாறு உண்டாயின, அவற்றின் அளவு யாது, எச்சமயத்தில் எதனைக் கொள்ளவேண்டும் என்பவற்றை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

வாடகையா, விற்பனையா?

இவ்வகை ஒப்பந்தத்திற்கு ஆங்கிலத்தில் 'ஹையர் பர்ச்சேஸ்' என்று பெயர். தமிழில் வாடகைக் கொள்முதல் எனலாம். வாடகை ஒன்று, கொள்முதல் ஒன்று என அப்பெயரிலேயே இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. மாதந்தோறும் நாம் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் வாடகையேயாகும். கடைசித் தவணையும் கட்டிய பின் அப்பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. அதுவரையில் பொருள் கம்பெனிக்கே சொந்தம். வண்டியை ஓட்டுபவரும், அதற்கு எண்ணெய் போடுபவரும், பழுது பார்ப்பவரும் நாமேயாயினும், அதன் உடைமையாளர் நாம் அல்லோம்.

இத்தகைய விசித்திரமான ஏற்பாடு ஏன் உண்டாயிற்று? அதன் காரணத்தை இங்கிலாந்தின் நியாயஸ்தலங்களில் நடந்த இரண்டு வழக்குகளிற் காணலாம். ஒரு பொருளை வாங்குவதாக ஒப்புக்கொண்டு அதனைத் தன் கையில் வைத்திருப்பவன், விஷயமறியாத வேறொருவனுக்கு அதனை விற்றுவிட்டால் அவ்விற்பனை செல்லும் என்பது 1889-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் விதி. 1893-இல் தீர்ப்பான 'லீ எதிர் பட்லர்' என்னும் வழக்கில், தவணையில் வீட்டுச் சாமான்கள் பெற்ற ஒருவர் தவணை முடியுமுன்னரே அவற்றை விற்றுவிட்டார். அவர் வாங்குவதற்குக் கட்டுப்பட்டவராதலால், அவரிடம் வாங்கியவருக்கே சாமான்கள் உரியவாயின. பொருளைக் கொடுத்தவர் அதனை இழந்தார். தவணை வியாபாரிகள் இத்தீர்ப்பைக் கேட்டுக் கலங்கியதில் வியப்பில்லை.

இரண்டாண்டு கழித்து வந்தது 'ஹெல்பி எதிர் மாத்யூஸ்' என்னும் வழக்கு. மாதம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 36 மாதம் கட்டினால் பியானோ சொந்தமாகும். இடையில் எப்போது வேண்டுமாயினும் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அங்கு ஏற்பட்டிருந்த உடன்படிக்கை. பெற்றவர் சில மாதங்களில் அப்பியானோவை அடகுக்கடையில் வைத்துவிட்டார். 1895-இல் பிரபுக்கள் சபையார் அளித்த தீர்ப்பு யாதெனின், திருப்பிக் கொடுக்கும் சுதந்திரம் உடையவன் வாங்குவதற்குக் கட்டுப்பட்டவன் அல்லன். ஆதலால் அவன் வைத்த அடகு செல்லாது. பியானோ உடைமையாளருக்கே உரியது என்பதாம்.

வாசகர்கள் ஈண்டு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இடையில் திருப்பிக் கொடுத்து விலகும் உரிமை, தவணை கட்டுவோர்மீது கொண்ட இரக்கத்தாற் பிறந்ததன்று. பொருள் தம் கையை விட்டுப் போகாதிருக்க வியாபாரிகள் தாமே வகுத்துக்கொண்ட அரண் அது. எல்லா ஒப்பந்தங்களிலும் அதனை எழுதி வைத்தனர். எழுதி வைத்தபின், அதனை எவரும் எளிதிற் பயன்படுத்தாதவாறு வேறு ஷரத்துக்களையும் சேர்த்தனர். திருப்பிக் கொடுப்பவர் மொத்த விலையில் இவ்வளவு பங்கைத் தேய்மானத்திற்காகக் கட்டவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு தவணை தவறினாலும் முன்னறிவிப்பின்றிப் பொருளை எடுத்துச் செல்லலாம் என்பது மற்றொன்று. இருபது தவணைகளில் பதினெட்டைக் கட்டிய ஏழையும், கடைசி இரண்டைக் கட்ட இயலாமற் போனால், பொருளையும் இழந்து கட்டிய பணத்தையும் இழப்பான். ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிப்பதன்றோ இது!

மூன்றில் ஒன்றும் இரண்டில் ஒன்றும்

இக்கொடுமைக்கு எதிராகப் பார்லிமெண்டில் எழுந்து நின்றவர் எல்லன் வில்கின்ஸன் என்னும் மாது. வேலையில்லாத் திண்டாட்டத்தால் நலிந்திருந்த ஜாரோ என்னும் நகரின் பிரதிநிதி அவர். 1936-இல் அந்நகரத்துத் தொழிலாளர் லண்டனை நோக்கி நடத்திய புகழ்பெற்ற பாதயாத்திரையிலும் உடன் நடந்தவர். தனி அங்கத்தினர் என்ற முறையில் அவர் கொண்டுவந்த மசோதாவே 1938-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதற் சட்டமாயிற்று.

அச்சட்டம் இரண்டு பின்னங்களை நிலைநாட்டியது. மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டப்பட்டபின், நியாயஸ்தலத்தின் உத்தரவின்றி உடைமையாளர் பொருளைத் திரும்பக் கைப்பற்றலாகாது. தவணை கட்டுபவர் தாமே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள விரும்பினால், கட்டிய பணம் மொத்த விலையிற் பாதிக்குக் குறைவாக இருக்குமாயின் அக்குறையை மட்டும் நிரப்பிப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வியாபாரிகள் தம் பாதுகாப்பின் பொருட்டு எழுதிவைத்த உரிமையை, தவணை கட்டும் எளியோருக்குக் கேடயமாக மாற்றியதே இச்சட்டத்தின் பெருமை.

ஆயினும் அக்கேடயம் முதலிற் சிறிதாகவே இருந்தது. மோட்டார் வண்டியாயின் 50 பவுனுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை அச்சட்டம் தீண்டவில்லை. 1954-இல் அவ்வெல்லை 300 பவுனாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட விலையுள்ள வண்டிகளைப் பெற்றோர், தாம் கையொப்பமிட்ட ஷரத்துக்களின் தயவிலேயே நின்றனர். அத்தகையோர் நிலை எவ்வாறிருந்தது என்பதைப் பின்வரும் வழக்கு விளக்கும்.

ஒரு கடிதமும் அதன் பொருளும்

1959-இல் ஒருவர் பெட்போர்டு டார்மொபைல் வண்டியொன்றைத் தவணையிற் பெற்றார். மொத்த விலை 482 பவுன் 10 ஷில்லிங். முன்பணம் 105 பவுன். பிறகு 36 மாதத் தவணைகள். முன்பணத்தோடு ஒரே ஒரு தவணையைக் கட்டிய நிலையில் அவருக்கு எதிர்பாராத இடையூறு நேர்ந்தது. இனித் தம்மாற் பணம் கட்ட இயலாது என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, வண்டியைத் திருப்பி விட்டுவிட்டார். ஒப்பந்தத்தின் ஷரத்துப்படி, கட்டிய தொகை மொத்த விலையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டுமாறு மீதியைக் கட்டவேண்டும் என்று கம்பெனி கேட்டது. வண்டியும் போய், கட்டிய பணமும் போய், அதற்கு மேலும் 206 பவுன் 3 ஷில்லிங் 4 பென்ஸ் தரவேண்டும் என்பது அதன் பொருள்.

கீழுள்ள மேல்முறையீட்டு நியாயஸ்தலம் கம்பெனிக்குச் சார்பாகவே தீர்த்தது. அவர் ஒப்பந்தம் அளித்த விலகும் உரிமையைப் பயன்படுத்தினார். அவ்வுரிமைக்கு இன்ன விலை என்று ஒப்புக்கொண்டவர் அதனைக் கொடுத்தே தீரவேண்டும் என்பது அதன் கருத்து. 'பிரிட்ஜ் எதிர் காம்பெல் டிஸ்கவுண்ட்' என்னும் அவ்வழக்கு 1962-இல் பிரபுக்கள் சபையில் வேறு விதமாக முடிந்தது. "இயலவில்லை" என்று வருந்தி எழுதியவர் உரிமை எதனையும் பிரயோகித்தவர் அல்லர். வாக்குத் தவறியவரே ஆவார். வாக்குத் தவறியதற்காகக் கேட்கப்படும் அத்தொகை உண்மையான நஷ்டத்தின் மதிப்பன்று, வெறும் அபராதம். அபராத ஷரத்தை நியாயஸ்தலம் நிறைவேற்றாது என்று அவர்கள் தீர்த்தனர்.

தவணை கட்டியவர் தப்பினார். எனினும் அத்தீர்ப்பில் ஒரு முரண் தொக்கி நின்றது. வாக்குத் தவறியவனுக்கு நீதி அருள் செய்கிறது. ஒப்பந்தப்படி முறையாக விலகுகிறவனை மட்டும் கைவிடுகிறது! அவ்வழக்கைக் கேட்ட நியாயாதிபதிகளுள் ஒருவரான டென்னிங் பிரபு இம்முரணைக் கடுமையாக எடுத்துக் காட்டினார். வண்டி ஒன்றே, திருப்பிக் கொடுத்ததும் ஒன்றே. ஆயினும் கடிதத்தில் எழுதிய சில சொற்களைப் பொறுத்துப் பயன் வேறாயிற்று. இப்பாடம் இன்றும் பொருந்தும். ஆனால் இன்றைய சட்டத்திலோ, வாக்குத் தவறியவனைவிட முறையாக விலகுகிறவனுக்கே நன்மை அதிகம்.

முதல் வாயில்: மீதியைத் தீர்த்து வண்டியைக் கொள்ளுதல்

இப்போது பிரிட்டனில் நடப்பிலுள்ளது 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம். அதன் 94-ஆம் பிரிவு, தவணைக் காலம் முடியுமுன் எப்போது வேண்டுமாயினும் பாக்கியைத் தீர்த்துவிடும் உரிமையைத் தருகின்றது. அவ்வாறு தீர்ப்பவர், இனி வரவேண்டிய தவணைகள் அனைத்தையும் அப்படியே கூட்டிக் கட்டவேண்டுவதில்லை. எதிர்கால வட்டியில் உரிய பகுதியைக் கம்பெனி தள்ளிக் கொடுத்தல் வேண்டும். தீர்வுத் தொகை எவ்வளவு என்று எழுத்து மூலம் கேட்டால், கணக்கிட்டுத் தெரிவிக்க வேண்டிய கடமையும் 97-ஆம் பிரிவின்படி கம்பெனிக்கு உண்டு.

ஓர் உதாரணம் கொள்வோம். காரின் ரொக்க விலை 12,000 பவுன். முன்பணம் 2,000. எஞ்சிய 10,000 பவுனுக்கு மாதம் 250 பவுன் வீதம் 48 தவணைகள். ஆக மொத்த விலை 14,000. அதில் வட்டி 2,000. இருபது தவணைகள் கட்டிய ஒருவருக்கு இன்னும் 28 தவணைகள், அதாவது 7,000 பவுன் எஞ்சியிருக்கும். ஆனால் அன்று தீர்ப்பதாயின், குறைந்து வரும் அசலின்மேல் வட்டி கணக்கிடும் முறைப்படி, பாக்கி ஏறக்குறைய 6,275 பவுனே. சுமார் 725 பவுன் வட்டி அவருக்கு மிச்சமாகும். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தமாயின் தீர்வு நாளை ஒரு மாதம் தள்ளிக் கணக்கிடக் கம்பெனிக்கு அனுமதி உண்டாதலால், இம்மிச்சத்திற் சிறிது குறையலாம்.

முன்னாளில் இத்தள்ளுபடியை '78 விதி' என்னும் கணக்கினாற் செய்துவந்தனர். ஒன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை 78 ஆதலால் அப்பெயர் வந்தது. முதல் மாதங்களின்மேல் வட்டியின் பெரும் பகுதியைச் சுமத்தும் முறை அது. நம் உதாரணத்தில் அவ்விதிப்படி தள்ளுபடி 690 பவுன் அளவே வரும். வட்டி மிகுந்தும் காலம் நீண்டும் இருப்பின் இவ்வேற்றுமை இன்னும் பெரிதாகும். இது நியாயமன்று எனக் கண்டு, 2004-இல் செய்யப்பட்ட புதிய விதிகளின் மூலம் அம்முறையை நீக்கினர்.

இரண்டாம் வாயில்: பாதி கட்டி வண்டியை விடுதல்

அதே சட்டத்தின் 99, 100-ஆம் பிரிவுகள் இரண்டாம் வாயிலாகும். கடைசித் தவணைக்குரிய நாள் வருமுன் எப்போது வேண்டுமாயினும், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துவிடலாம். காரணம் கூற வேண்டுவதில்லை. கம்பெனியின் சம்மதமும் வேண்டுவதில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்து, மொத்த விலையிற் பாதிக்கு எவ்வளவு குறைகிறதோ அதனைக் கட்டினாற் போதும். கம்பெனிக்கு நேர்ந்த நஷ்டம் அதனினும் குறைவென்று கண்டால், நியாயஸ்தலம் அத்தொகையைக் குறைக்கவும் கூடும்.

முன் கூறிய உதாரணத்தில் மொத்த விலை 14,000, பாதி 7,000. முன்பணம் 2,000 போக 5,000 பவுன் இருபது தவணைகளில் நிரம்பிவிடும். ஆகவே இருபதாம் தவணை கட்டிய அன்று வண்டியைத் திருப்பிக் கொடுப்பவர் மேற்கொண்டு ஒன்றும் கட்டவேண்டுவதில்லை. பன்னிரண்டாம் மாதத்தில் விலகுபவர் அதுவரை 5,000 பவுனே கட்டியிருப்பாராதலால் இன்னும் 2,000 கட்டவேண்டும். முப்பதாம் மாதத்தில் விலகுபவரோ 9,500 பவுன் கட்டியிருப்பார்; பாதிக்கு மேற்பட்ட 2,500 பவுன் அவருக்குத் திரும்பி வாராது. ஆதலால் பாதி நிரம்பும் நாள் எது என்பதை ஒப்பந்தம் செய்த அன்றே நாட்குறிப்பிற் குறித்துக்கொள்வது அறிவுடைமை.

இங்கு நான்கு விஷயங்கள் நினைவில் இருத்தற்குரியன. முதலாவது, தவறிய தவணைகள் இருப்பின் அவை தனியே நிற்கும். விலகுவதால் அவை மறையமாட்டா. இரண்டாவது, வண்டியை நியாயமான கவனத்தோடு வைத்திருந்திருக்க வேண்டும். நாட்பட்ட உபயோகத்தால் வரும் தேய்வு குற்றமன்று. அசட்டையால் வந்த சேதத்திற்கு நஷ்டஈடு உண்டு. மூன்றாவது, இவ்வுரிமையைக் குறைக்கும் ஷரத்து எதனையும் கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது. நான்காவதே மிக முக்கியமானது. இவ்வுரிமையை நாமே முந்திப் பிரயோகிக்க வேண்டும். தவணை தவறியதன் பேரிற் கம்பெனி குறைந்தது 14 நாள் அவகாசமுள்ள நோட்டீஸ் விடுத்து, அதன்பின் முறைப்படி ஒப்பந்தத்தைத் தானே முடித்துவிடுமாயின், பாதி என்னும் எல்லை நம்மைக் காவாது.

திறவுகோலை மட்டும் கொடுப்பவர் நிலை

வியாசத்தின் தொடக்கத்தில் திறவுகோலைக் கொடுத்துத் திகைத்து நின்றவர்களைக் குறிப்பிட்டோம். அவர்கள் தவறியது இவ்விடத்திலேதான். கம்பெனியார் பேச்சில் 'வாலண்டரி டெர்மினேஷன்' என்றும், 'வாலண்டரி சரண்டர்' என்றும் இரண்டு சொற்றொடர்கள் வழங்குகின்றன. கேட்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. பயனிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முன்னது சட்டம் தந்த உரிமைப்படி ஒப்பந்தத்தை முடித்தல். அதன் எல்லை பாதி விலை. பின்னது, கட்ட இயலாதவன் வண்டியை ஒப்படைத்தல். கம்பெனி வண்டியை ஏலத்தில் விற்று, கிடைத்த தொகையைக் கழித்து, எஞ்சிய கடன் முழுவதையும் அவனிடமே கேட்கும். நம் உதாரணத்தில் இருபதாம் மாதத்தில் ஏலத்தில் வண்டி 4,500 பவுனுக்குப் போனால், சரண் என்று எழுதியவர் தலையில் சுமார் 1,775 பவுன் விழும். உரிமைப்படி முடிக்கிறேன் என்று எழுதியவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு சொல்லின் விலை அவ்வளவு!

ஆகையால் நோட்டீஸில், "1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 99-ஆம் பிரிவின்படி இவ்வொப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன்" என்னும் பொருள் ஐயமின்றி விளங்குதல் வேண்டும். பிரதியும், சேர்ந்ததற்குச் சான்றும் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியை ஒப்படைக்கும் நாளில் அதன் நிலையைப் படம் எடுத்து, ஓடிய தூரத்தைக் குறித்து, ரசீது பெறுதல் நன்று. கம்பெனி அனுப்பும் படிவத்தில் வேறு சொற்கள் இருப்பின் படித்துணராமற் கையொப்பமிடலாகாது.

மூன்றில் ஒரு பங்கு என்னும் பழைய காப்பும் 90-ஆம் பிரிவாக இன்றும் நிலவுகிறது. நம் உதாரணத்தில் பதினோராம் தவணை கட்டியதும் 4,750 பவுன் சேர்ந்து, மூன்றில் ஒரு பங்கு நிரம்பிவிடுகிறது. அதன்பின் தவணை தவறினும், நம் சம்மதமோ நியாயஸ்தலத்தின் உத்தரவோ இன்றிக் கம்பெனி வண்டியைக் கைப்பற்றுமாயின், ஒப்பந்தம் அழிவதோடு அதுவரை கட்டிய பணம் முழுவதையும் நாம் திரும்பப் பெறலாம். எனினும், நாமே மனமொப்பி வண்டியை எடுத்துச் செல்ல விட்டால் இக்காப்புப் பயன்படாது என்பதை மறத்தலாகாது.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு வாயில்களில் எது நலம் என்பதைத் தீர்மானிக்கும் துலாக்கோல் ஒன்றே. அன்று அவ்வண்டியைச் சந்தையில் விற்றால் என்ன கிடைக்கும் என்பதே அது. இருபதாம் மாதத்தில் தீர்வுத் தொகை 6,275 பவுன். வண்டி 7,500 பவுனுக்கு விலை போகுமாயின், பாக்கியைத் தீர்த்துச் சொந்தமாக்கி விற்பவருக்கு 1,225 பவுன் கையில் மிஞ்சும். அவர் வண்டியைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் அவ்வளவும் நஷ்டம். வண்டி 5,000 பவுனுக்கே போகுமாயின், திருப்பிக் கொடுப்பதே தக்கது. பாதி இன்னும் நிரம்பாதிருப்பின், அதனை நிரப்ப வேண்டிய தொகையையும் இத்துலாக்கோலில் வைத்து நிறுத்தல் வேண்டும். எவ்வாறாயினும், பாக்கி தீருமுன் வண்டியை விற்றல் கூடாது. அது நம் பொருளன்று. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, விஷயமறியாது வாங்கிய தனி மனிதரைக் காக்கிறதேயன்றி, விற்றவரைக் காப்பதில்லை. வியாபாரி ஒருவர் வண்டியை வாங்குவதாயின், தீர்வுத் தொகையை அவரே கம்பெனிக்கு நேராகக் கட்டிவிட்டு மீதியை நமக்குத் தருவது வழக்கம்.

இக்காலத்திற் பெருகியுள்ள 'பர்சனல் காண்ட்ராக்ட் பர்ச்சேஸ்' என்னும் வகையிற் சிறிது அதிக எச்சரிக்கை வேண்டும். அதில் மாதத் தவணை சிறிதாகவும், இறுதியிற் கட்டவேண்டிய தொகை மிகப் பெரிதாகவும் இருக்கும். முன்பணம் 2,000 பவுன்; மாதம் 300 வீதம் 36 தவணைகள்; இறுதித் தொகை 9,500 எனக் கொண்டால், மொத்தம் 22,300. பாதி என்பது 11,150. இறுதித் தொகையும் மொத்தத்திற் சேர்வதால், பாதி நிரம்புவது முப்பத்தோராம் தவணையில்தான். மாதங்களிற் பாதி கழிந்துவிட்டது, ஆகவே விலையிலும் பாதி கட்டியாயிற்று என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

பாங்கியிற் பொதுக் கடன் பெற்று அப்பணத்தால் வண்டி வாங்கியவருக்கும், சொந்தமாக்கும் உரிமையின்றி வெறும் குத்தகைக்கு வண்டி எடுத்தவருக்கும் இந்தப் பாதி விலை விதி இல்லை. ஆதலால், நாம் செய்துகொண்டது எவ்வகை ஒப்பந்தம் என்பதை அதன் தலைப்பைப் படித்து அறிதலே முதற்படி.

நம் நாட்டின் நிலை

ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி நம் இந்தியப் பார்லிமெண்டும் 1972-இல் வாடகைக் கொள்முதற் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தவணை கட்டுபவர் நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமையும் அதில் இருந்தது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வராமலே ஏட்டளவில் நின்று, 2005-இல் நீக்கப்பட்டது. இன்று நம் நாட்டிற் கார் வாங்குவோர் பெரும்பாலும் பாங்கியிற் கடன் பெற்று, வண்டியை அதற்கு ஈடாக்குகின்றனர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அவ்வீடு பதிவுச் சான்றிதழிற் குறிக்கப்படுகிறது. இங்கு வண்டி நமதே, கடனும் நமதே. வண்டியைப் பாங்கியிடம் விட்டுவிட்டாற் கடன் தீர்ந்துவிடாது. விற்று வந்த தொகைக்கு மேற்பட்ட பாக்கி நம்மேல் நிற்கும். ஆகவே நம் நாட்டில் உள்ளது முதல் வாயில் ஒன்றே. தனி மனிதர் தொழிலல்லாத தேவைக்கு மாறும் வட்டியிற் பெற்ற கடனை முன்னதாகத் தீர்த்தால், பாங்கிகள் அதற்குக் கட்டணம் வாங்கலாகாதென ரிசர்வ் பாங்கி 2014-இல் விதித்தது. கார்க் கடன்களோ பல மாறா வட்டியில் அமைந்தவை. அவற்றிற்கு ஒப்பந்தத்தில் என்ன கட்டணம் கூறப்பட்டுள்ளது என்பதை முன்னரே பார்த்தல் வேண்டும். கடன் தீர்ந்தபின் பாங்கியின் ஆட்சேபணையின்மைச் சான்றையும் 35-ஆம் எண் படிவத்தையும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கொடுத்து, பதிவுச் சான்றிதழிலிருந்து அவ்வீட்டை நீக்கினாலன்றிக் காரியம் முற்றுப்பெறாது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்னும் உவமையை நம் கல்லூரி ஆலயத்தில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தவணை ஒப்பந்தத்திலோ அக்கணக்கை இருமுறை பார்த்தல் வேண்டும். உள்ளே நுழைவதற்கு என்ன செலவு என்பது ஒன்று. இடையில் வெளியேறுவதற்கு என்ன செலவு என்பது மற்றொன்று. முன்னதைக் கடைக்காரரே விளம்பரத்திற் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் காட்டுவார். பின்னதை நாமேதான் தேடிப் படிக்கவேண்டும். எல்லன் வில்கின்ஸன் போன்றோர் உழைத்துப் பெற்றுத் தந்த உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆயினும் கேளாதவனுக்கு அது தானே வந்து உதவுவதில்லை. மாணவர்களாகிய நீங்கள் உங்கள் வாழ்வில் இடப்போகும் கையொப்பங்கள் பல. ஒவ்வொன்றையும் இடுமுன், வெளியேறும் வாயில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.